எரிந்த வீட்டுக்கு யார் விலை கொடுப்பது?

ஒருவன் சந்தையில் ஒரு காளையைக் கண்டு விலை பேசி முடிக்கின்றான். அச்சாரம் கொடுத்து, "மீதிப் பணத்தோடு நாளைக் காலையில் வந்து ஓட்டிச் செல்வேன்" என்று சொல்லிப் போகின்றான். அன்றிரவே விற்றவனுடைய தொழுவத்தில் இடி விழுந்து காளை மாண்டுபோகின்றது. பொழுது விடிந்ததும் விற்றவன் வாங்கினவன் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்து, "செத்தது உன் காளை, மீதிப் பணத்தை எண்ணி வை" என்று கேட்பானாயின், ஊரார் அவனை என்னென்று சொல்வர்? கயிறு கைமாறாத காளைக்கு விலை ஏது என்று பள்ளி செல்லாத சிறுவனும் கேட்பான்.

காளையிருந்த இடத்தில் ஒரு வீட்டை வைத்துப் பாருங்கள். சிறுவனுக்கு விளங்கிய நியாயம் ஆங்கில நாட்டின் பேர்பெற்ற நீதிபதிகளுக்கு விளங்கவில்லை. உடன்படிக்கை எழுதிக் கையொப்பமிட்ட அந்த நொடியிலிருந்தே தீயும் வெள்ளமும் புயலும் வாங்குபவன் தலையில்தான் விடியும் என்றும், வீடு சாம்பலாயினும் பேசிய விலையை அவன் முழுவதும் கொடுத்தே தீரவேண்டும் என்றும் அவர்கள் தீர்ப்பளித்தார்கள். அத்தீர்ப்பு ஆங்கிலச் சட்டம் கப்பலேறிச் சென்ற துறைகளுக்கெல்லாம் உடன் சென்றது. பின்னர்ச் சில நாடுகளின் சட்டமன்றங்கள் அதனைத் தகர்த்து, வீடு கைக்கு வருமுன் அழிந்தால் வாங்குபவன் உடன்படிக்கையை நீக்கிக்கொள்ளலாம் என்னும் உரிமையை ஏட்டில் ஏற்றின. அவ்வுரிமை எவ்வாறு பிறந்தது என்பதே இவ்வியாசத்தின் பொருள்.

இஃது வக்கீல்மார் பேச்சு, நமக்கு என்ன என்று வாசகர் ஒதுக்கிவிடலாகாது. தோட்டத்து லயன் வீட்டில் இரண்டு மூன்று தலைமுறை கழித்த குடும்பம், சேமநிதிப் பணத்தையும் மனைவியின் நகையையும் ஒன்றாகத் திரட்டி, ஒரு தாமானில் பழைய வீடொன்றை வாங்க முற்படுகின்றது. மலேசியாவில் வழக்கம் யாது? கையொப்பமிடும்போது விலையில் பத்தில் ஒரு பங்கு. மீதியை மூன்று மாதத்துக்குள், தவறினால் வட்டியோடு இன்னும் ஒரு மாதத்துக்குள் செலுத்துதல். பாங்குக் கடன் கைகூடவும், வில்லங்கம் பார்க்கவும், நில அலுவலகத்தில் பெயர் மாற்றவும் அத்துணை நாள் பிடிக்கும். அந்த மூன்று நான்கு மாதமும் வீட்டின் சாவி விற்பவன் இடுப்பிலே. வாங்குபவனுக்கு உள்ளது ஒரு காகிதமும் கடனுமே. இவ்விடைவெளியில் ஒரு நாள் இரவு ஆறு பெருகி வீட்டுக்குள் நுழையுமாயின் நட்டம் யாரைச் சாரும்? 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்ததைக் கண்டவர்கள் இக்கேள்வியை வீண் கேள்வி என்று தள்ளமாட்டார்கள்.

கேள்வி மிகப் பழையது. கி.பி. 533-இல் ரோமச் சக்கரவர்த்தி ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டப் பாடநூலில் இதற்கு ஒளிவுமறைவில்லாத விடை உள்ளது. விலை பேசி முடிந்தவுடனே, பொருள் கைமாறாவிட்டாலும், அபாயம் வாங்குபவனைச் சேர்ந்துவிடும் என்பது அந்நூலின் விதி. அடிமை இறந்தால், கட்டடம் முழுவதுமோ ஒரு பகுதியோ தீக்கிரையானால், நிலத்தை வெள்ளம் அரித்துக்கொண்டு போனால், சூறைக்காற்றில் மரங்கள் வீழ்ந்தால், எல்லாம் வாங்குபவன் நட்டமே என்று உதாரணங்களையும் அடுக்குகின்றது. மனிதனையே விலைச் சரக்காக முதலில் வைத்துக் கணக்கெழுதிய சட்டத்தினிடம் வாங்குபவன்மீது இரக்கத்தை எதிர்பார்த்தல் பேதைமை என்று தோன்றும். ஆயினும் அதே ரோமரிடம் வேறொரு குரலும் இருந்தது. விலை பேசுவதற்கு முன்னமே வீடு எரிந்துபோய், அஃது இருதரத்தாருக்கும் தெரியாமலிருந்தால் என்ன செய்வது? மனை அப்படியே கிடந்தாலும் விற்கப்பட்டது ஒன்றுமில்லை, கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று அவர்களுடைய பழைய சட்ட அறிஞர் சிலர் சொன்னார்கள். நெராட்டியஸ் என்பவர் இன்னும் நுட்பமாகப் போனார். பாதிக்கு மேல் எரிந்திருந்தால் வாங்குபவனைக் கட்டாயப்படுத்தலாகாது. பாதியோ அதற்குக் குறைவோ எரிந்திருந்தால் நடுநிலையாளர் ஒருவரைக் கொண்டு மதிப்பிட்டு விலையைக் குறைத்துக் கொள்க என்றார்.

"மனை அப்படியே கிடந்தாலும்" என்ற சொற்களை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ளல் வேண்டும். வீடு வாங்குபவன் வீட்டைத்தான் வாங்குகின்றானேயன்றி, அதன் கீழுள்ள மண்ணை மாத்திரம் அன்று. இவ்வளவு எளிய உண்மையை மீண்டும் சட்டத்தில் ஏற்றப் பதினெட்டு நூற்றாண்டு சென்றது.

இனி ஆங்கில நாட்டுக்கு வருவோம். அங்கும் முதலில் நியாயம் நேராகத்தான் இருந்தது. 1724-இல் சர் ஜோசப் ஜெக்கில் என்னும் நீதிபதி, கம்பெனிப் பங்கு ஒன்றைப் பற்றிய வழக்கில், போகிறபோக்கில் ஒரு கருத்துச் சொன்னார். ஒருவன் ஒரு வீட்டை வாங்க ஒப்பியிருக்க, பணம் செலுத்த வேண்டிய நாள் வருமுன் அவ்வீடு தற்செயலாய்த் தீப்பற்றி எரிந்துபோனால், நியாயத்தின்படி அவன் பணம் கொடுக்கக் கட்டுப்பட்டவன் அல்லன் என்பது அக்கருத்து. அதுவே நிலைத்திருந்தால் இவ்வியாசத்துக்கு வேலை இராது.

1796 செப்டம்பரில், லண்டனின் கிழக்கே ராட்கிளிஃப் பெருவீதியிலிருந்த சில வீடுகள் ஏலத்தில் விலை போயின. பத்திரங்களில் ஏதோ ஐயம் கிளம்பியதால் கிரயம் முடிவதில் தாமதம் நேர்ந்தது. விற்றவர்கள் அந்த வீடுகளுக்குத் தீ இன்ஷூரன்ஸ் வைத்திருந்தார்கள். தவணை முடிந்தபோது அதனைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். வாங்கினவனுக்கு அது தெரியாது. டிசம்பரில் வீடுகள் எரிந்தன. விற்றவர்கள் சான்சரி கோர்ட்டுக்குச் சென்று, "உடன்படிக்கையை நிறைவேற்றச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். 1801-இல் லார்டு எல்டன் தீர்ப்புக் கூறினார். பத்திரங்கள் சரியென்று வாங்கினவன் ஏற்றுக்கொண்டுவிட்டிருப்பானாயின், நியாயத்தின் கண்ணில் வீடு அப்போதே அவனுடையதாயிற்று. வீடு எரிந்தது என்பதோ, இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கவில்லை என்பதோ அவன் பின்வாங்குவதற்குக் காரணமாகாது. இதுவே எல்டன் வகுத்த விதி.

இதற்கு அவர்கள் கூறிய அடிப்படை யாதெனின், செய்யப்படவேண்டியது எதுவோ அதனைச் செய்யப்பட்டதாகவே நியாயக் கோர்ட்டு பாவித்துக்கொள்ளும் என்பது. வீட்டை எழுதிக் கொடுக்கவேண்டும் என்று ஒருவன் ஒப்பினால் எழுதிக் கொடுத்துவிட்டதாகவே கொள்ளப்படும். 1876-இல் சர் ஜார்ஜ் ஜெஸல் இதனை இன்னும் திருத்தமாகச் சொன்னார்: உடன்படிக்கை முடிந்தவுடன் விற்பவன், வாங்குபவனுக்காக வீட்டை வைத்துக் காக்கும் தருமகர்த்தாவைப் போன்றவன். கேட்பதற்கு அழகாகத்தான் உள்ளது. கல்லைக் கடவுளாகப் பாவிப்பது போன்ற பாவனைதான் இதுவும். ஆனால் கோயிலில் பாவனை செய்பவன் தன் கைப்பணத்தைச் செலவிடுகின்றான், கோர்ட்டிலோ நீதிபதியின் பாவனைக்குப் பிறன் ஒருவன் பணம் கட்டுகின்றான்.

அந்தத் தருமகர்த்தா எத்தகைய தருமகர்த்தா என்பது அடுத்த வழக்கில் வெளிப்பட்டது. இது சட்ட நூல்களிலே மிகவும் பேர்பெற்றது. சற்று விரித்துரைத்தல் தகும்.

1878 ஜூலை மாத இறுதியில், லிவர்ப்பூல் நகரில் சில கட்டடங்களை 3,100 பவுனுக்கு விற்பதாகப் பிரெஸ்டன் என்பாரும் வாங்குவதாக ரெய்னர் என்பாரும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஆகஸ்டு நடுவில் தீப்பிடித்துக் கட்டடங்களில் ஒரு பகுதி சேதமுற்றது. பிரெஸ்டனிடம் தீ இன்ஷூரன்ஸ் பாலிசி இருந்தது. அவர் கம்பெனியினிடம் நட்டம் கோரி 330 பவுன் பெற்றுக்கொண்டார். பிறகு, எல்டன் வகுத்த விதிப்படி, வாங்கினவரிடமிருந்தும் 3,100 பவுனையும் குறையாமல் பெற்றுக்கொண்டார். "வீடு உடன்படிக்கை நாளிலிருந்தே என்னுடையது என்கிறீர்கள், அப்படியானால் என் வீடு எரிந்ததற்கு வந்த பணமும் என்னுடையதுதானே?" என்று வாங்கினவர் வழக்கிட்டார். இதைவிட நேர்மையான கேள்வி வேறு யாது? 1881-இல் மேல்கோர்ட்டில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து கேட்டார்கள். ஜேம்ஸ் என்பவர் மாத்திரம் வாங்கினவர் பக்கம் நின்றார். காட்டன், பிரெட் என்னும் மற்ற இருவரும், இன்ஷூரன்ஸ் என்பது விற்றவருக்கும் கம்பெனிக்கும் இடையே உள்ள தனி ஒப்பந்தம், வீட்டோடு சேர்ந்து போகாது என்று தள்ளிவிட்டார்கள். நட்டத்தைச் சுமப்பதற்கு அவர் வீட்டுக்காரர். நட்ட ஈட்டைப் பெறுவதற்கு மாத்திரம் அயலார்!

கதை அத்துடன் முடியவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியார் விழித்துக்கொண்டார்கள். "விற்றவருக்கு முழு விலையும் வந்துவிட்டது, அவருக்கு நட்டமே இல்லை. நட்டமில்லாதவருக்கு நாங்கள் ஏன் ஈடு கொடுக்கவேண்டும்?" என்று 330 பவுனைத் திருப்பிக் கேட்டார்கள். முதற் கோர்ட்டில் தோற்று, 1883-இல் மேல்கோர்ட்டில் வென்றார்கள். இன்ஷூரன்ஸ் என்பது நட்டத்தை ஈடு செய்வதற்கன்றி ஆதாயம் தருவதற்கன்று என்று அத்தீர்ப்பு கூறியது. அந்தத் தத்துவத்தில் பிழை இல்லை. இன்றும் உலகெங்கும் மேற்கோளாகக் காட்டப்படுகின்றது. ஆனால் இரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துக் கணக்குப் பாருங்கள். விற்றவருக்கு முழு விலை. தீயின் பொருட்டே பிரீமியம் வாங்கி வந்த கம்பெனிக்குக் கொடுத்த பணம் திரும்ப வந்துவிட்டது. சாவியைத் தொட்டறியாத வாங்கினவர் ஒருவரே தீயின் முழுச் செலவையும் தாங்கினார். தெருவில் எரிந்த நெருப்பைத் தவிர இவ்வழக்கில் சட்டத்தை மீறியவர் எவருமில்லை.

இவ்விதிக்கு ஆதரவாளர் கூறும் நியாயத்தையும் கேட்டுவிடல் முறை. உடன்படிக்கைக்குப் பின் வீட்டின் மதிப்பு ஏறினால் அந்த ஆதாயம் வாங்குபவனுக்கே போகின்றது. ஆதாயம் கொள்பவன் அபாயத்தையும் கொள்ளட்டும் என்பது அவர்கள் வாதம். மேலும், வாங்குபவன் தானே ஒரு பாலிசி எடுத்துக்கொள்வதைத் தடுத்தவர் யார் என்றும் கேட்பர். முதல் வாதம் மதிப்புக்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மறைக்கின்றது. சந்தை விலை ஏறுவதும் இறங்குவதும் இருவரும் அறிந்தே ஏற்ற சூதாட்டம். கூரை பற்றி எரிவது அவ்வாறன்று. இரண்டாவது வாதத்துக்கு விடை வேறு. வீட்டுக்குள் குடியிருப்பவன், விளக்கை ஏற்றுபவன், அடுப்பை மூட்டுபவன், ஒழுகும் கூரையைப் பார்ப்பவன் விற்பவனே. அபாயத்தைத் தடுக்கும் கை எதுவோ அந்தக் கையிலேதான் அபாயமும் இருத்தல் வேண்டும். தடுக்க வல்லவனை விடுவித்து, வாயிற்படி ஏறவும் உரிமையில்லாதவன்மேல் சுமையேற்றினால், வீட்டைக் காக்கும் அக்கறை எவருக்கும் இல்லாமற் போகும். ஒரே வீட்டுக்கு இருவர் இரண்டு பாலிசி எடுத்து இருமடங்கு பிரீமியம் கட்டவேண்டும் என்பதும் கம்பெனிக்குத்தான் நல்ல யோசனை.

ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் இவ்விதிக்கு நேர்ந்த கதி வேடிக்கையானது. அதில் நமக்கும் பாகம் உண்டு. 1877-இல் இந்தியாவுக்கென ஒரு தனிநிவாரணச் சட்டம் இயற்றினார்கள். உடன்படிக்கையின் பொருளில் ஒரு பகுதி அழிந்தாலும் உடன்படிக்கை முழுதும் நிறைவேற முடியாததாகிவிடாது என்பது அதன் 13-ஆம் பிரிவு. சட்டத்தோடு உதாரணமும் எழுதுவது அக்கால வழக்கம். அவ்வுதாரணம் இது: ஒருவன் மற்றொருவனுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு வீடு விற்க உடன்படுகின்றான், மறுநாள் புயலில் வீடு அழிகின்றது, வாங்குபவனைப் பணம் கொடுக்கும்படி கட்டாயப்படுத்தலாம். வங்காளக் குடாக் கடலின் புயலை அறிந்தவர்கள் எழுதிய உதாரணம் என்பதில் ஐயமில்லை. வீடு போனால் என்ன, மண் இருக்கின்றதே என்பது அதன் உட்கிடை. பழைய ரோமர், மனை கிடந்தாலும் விற்றது ஒன்றுமில்லை என்றதை இதனோடு ஒப்பிடுக.

ஐந்தே ஆண்டு கழித்து, 1882-இல், சொத்து மாற்றச் சட்டம் வந்தது. சென்னை மாகாணத்துக்கும் உரிய அச்சட்டத்தின் 54-ஆம் பிரிவு, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கை மாத்திரம் சொத்தில் எவ்விதப் பாத்தியத்தையும் உண்டாக்காது என்று அறுதியிட்டது. 55-ஆம் பிரிவு, சொத்தின் உரிமை வாங்குபவனுக்குப் போய்ச் சேர்ந்த பின்னரே சேதம் அவனைச் சாரும் என்றது. கையில் ஒப்படைக்கும் வரையில் விவேகமுள்ள ஓர் உரிமையாளன் காப்பதுபோல் விற்பவன் சொத்தைக் காக்கவேண்டும் என்றும் சொல்லிவைத்தது. எல்டனின் பாவனை இந்திய மண்ணில் இவ்விதம் வேரறுந்தது. லண்டன் நகரத்தார்க்குக் கிட்டாத நியாயம் தஞ்சாவூர்க் குடியானவனுக்கு 1882-லேயே ஏட்டளவிலேனும் கிட்டியது! ஆனால் லட்ச ரூபாய் வீட்டு உதாரணத்தை எடுத்தெறிய எவருக்கும் தோன்றவில்லை. முரண்பட்ட இரு சட்டங்களும் ஒரே அலமாரியில் எண்பது ஆண்டுக்கு மேல் பக்கத்திற் பக்கமாக வாழ்ந்தன. 1963-இல் இந்தியா புதிய தனிநிவாரணச் சட்டம் இயற்றியபோதுதான் பழைய 13-ஆம் பிரிவு கைவிடப்பட்டது.

மலாயாவின் தனிநிவாரணச் சட்டம் 1950-இல் வந்தது. அஃது அந்த 1877-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தை அடியொற்றியது. பொருளில் ஒரு பகுதி அழிந்தாலும் உடன்படிக்கை நிற்கும் என்னும் விதியும் அதனுடன் கப்பலேறி வந்தது. அவ்விதியின் விஷத்தை முறிக்கும் 1882-ஆம் ஆண்டுச் சட்டம் வரவில்லை. நோய் வந்தது, மருந்து வரவில்லை என்றால் தகும்.

அமெரிக்காவில் வழி வேறாகச் சென்றது. மாஸச்சூஸெட்ஸ் மாநிலக் கோர்ட்டு 1838-லேயே எல்டனைப் பின்பற்ற மறுத்து, வீடு அழிந்தால் நட்டம் விற்பவனுடையதே என்றது. பிற மாநிலங்கள் பலவும் எல்டனையே பின்பற்றின. 1895-இல் ஹார்வர்டு கலாசாலையின் இளம் ஆசிரியர் சாமுவேல் வில்லிஸ்டன் இதனை ஆராய்ந்து ஒரு வியாசம் எழுதினார். உடைமை யார் கையிலோ அபாயமும் அவன்மீதே இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. நாற்பது ஆண்டு கழித்து, 1935-இல், முதியவரான அதே வில்லிஸ்டன் மாநிலங்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு மாதிரிச் சட்டம் வரைந்து கொடுத்தார். பத்திரமோ உடைமையோ கைமாறுவதற்கு முன், வாங்குபவன் குற்றமின்றி, வீடு முழுவதுமோ அதன் முக்கியப் பகுதியோ அழிந்தால், விற்பவன் உடன்படிக்கையை வற்புறுத்த முடியாது. வாங்குபவன் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறுவான். இரண்டில் ஒன்று கைமாறிவிட்டால் வாங்குபவன் தப்ப முடியாது. நியூயார்க் மாநிலம் 1936-இலும் கலிபோர்னியா 1947-இலும் இதனை ஏற்றன. ஒரு வியாசம் சட்டமாக நாற்பது ஆண்டு பிடித்தது என்பதை வியாசம் எழுதுவோர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆனாலும், "வாங்குபவன் நீக்கிக்கொள்ளலாம்" என்று அவன் கையிலேயே விருப்பத்தை ஒப்படைக்கும் உரிமை செம்மையாக உருப்பெற்றது ஆஸ்திரேலியாவில்தான். அங்கும் ஆங்கில விதியே ஆண்டுவந்தது. 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் நிறுவிய பதிவு முறை, பதிவேடே உரிமைக்கு ஆதாரம் என்று ஆக்கியது. அதன் வழிவந்ததே நம் நாட்டு நிலப் பதிவு முறையும். பதிவு வருமுன் உரிமை இல்லை என்று முழங்கிய அந்நாட்டிலும், பதிவு வருமுன்னரே நட்டம் மாத்திரம் வாங்குபவனைச் சேர்ந்துகொண்டிருந்தது.

குவீன்ஸ்லாந்து மாநிலம் 1974-ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டத்தின் 64-ஆம் பிரிவில் முடிச்சை அவிழ்த்தது. குடியிருப்பு வீடு ஒன்றை விற்கும் உடன்படிக்கையில், கிரயம் முடியும் நாளோ உடைமை கைமாறும் நாளோ எது முந்தியதோ அதற்கு முன், வீடு குடியிருக்கத் தகாதவாறு அழிந்தாலும் சேதமுற்றாலும், வாங்குபவன் எழுத்தில் அறிவித்து உடன்படிக்கையை நீக்கிக்கொள்ளலாம். கொடுத்த பணம் அவனுக்குத் திரும்பும். விக்டோரியா மாநிலமும் இதே உரிமையை, சேதத்தை அறிந்த 14 நாளுக்குள் அறிவிக்கவேண்டும் என்ற கெடுவோடு, நில விற்பனைச் சட்டத்தில் சேர்த்தது.

"குடியிருக்கத் தகாதவாறு" என்ற சொல்லில்தான் வழக்குகள் பிறக்கும். 2011 ஜனவரியில் பிரிஸ்பேன் ஆறு பெருகி ஆயிரக்கணக்கான வீடுகளில் நீர் புகுந்தது. அத்தகைய நாளில் உடன்படிக்கைக்கும் கிரயத்துக்கும் இடையே அகப்பட்ட வீட்டைப் பற்றி எழும் கேள்விகளை எண்ணிப் பாருங்கள். சுவர் நிற்கின்றது, கூரை நிற்கின்றது. ஆயின் தரை முழுதும் சேறு, மின்சாரக் கம்பிகள் நனைந்து கிடக்கின்றன, சுவர்ப் பலகைகள் ஊறி உப்பியுள்ளன. இது தகுமா, தகாதா? இரண்டு நாள் கழுவினால் தீருமாயின் தகும். பல மாதம் வெளியேறி வாழவேண்டுமாயின் தகாது எனலாம். நடுவிலே உள்ளவை கோர்ட்டுக்குப் போகும். சட்டம் என்பது இவ்வளவுதான் செய்யவல்லது; ஆனால் கேள்வி, "நீ ஏன் பணம் கொடுக்கவில்லை?" என்பதிலிருந்து "அந்த வீட்டில் மனிதர் வாழக்கூடுமா?" என்பதாக மாறிவிட்டதைக் கவனிக்கவேண்டும்.

நியூ சவுத் வேல்ஸ் 1986-இல் இன்னும் ஒருபடி மேலே சென்றது. அங்கே முதலில் அடிப்படையையே மாற்றினார்கள்: கிரயம் முடியும் வரையிலோ வாங்குபவன் உடைமை பெறும் வரையிலோ அபாயம் விற்பவனைச் சார்ந்ததே. சொத்து, வாங்க ஒப்பிய பொருளினின்றும் பெரிதும் வேறாகுமளவு சேதமுற்றால், அதனை அறிந்த 28 நாளுக்குள் வாங்குபவன் நீக்கிக்கொள்ளலாம். சேதம் அவனே வேண்டுமென்று செய்ததாகவோ அவன் அசட்டையால் நேர்ந்ததாகவோ இருத்தல் ஆகாது. நீக்க விரும்பாவிட்டாலும், சிறு சேதமாயினும், விலையை நியாயமான அளவு குறைத்துக் கிரயம் முடிக்கலாம். வாங்குபவனை வற்புறுத்துவது அநியாயமென்று தோன்றினால் கோர்ட்டும் மறுத்துவிடலாம். எல்லாவற்றிலும் மேலாக, குடியிருப்பு வீடுகளைப் பொறுத்தவரையில், உடன்படிக்கையில் எதிராக எதை எழுதிக்கொண்டாலும் அது செல்லாது. இந்தக் கடைசி விதியே நம் உள்ளத்தைக் கவர்கின்றது. வலியவன் எழுதி நீட்டும் தாளில் எளியவன் கையொப்பமிடுவதற்குச் சம்மதம் என்று பேரிடுவது எவ்வளவு பொய் என்பதை அச்சட்டம் வகுத்தோர் உணர்ந்திருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் நெராட்டியஸ் கண்ட பாதி வீட்டுக் கணக்கும் இச்சட்டத்துக்குள் வேறுருவில் வந்துவிட்டது.

நீக்குவதோ வைத்துக்கொள்வதோ ஏன் வாங்குபவன் விருப்பமாக இருக்கவேண்டும், உடன்படிக்கை தானே அழிந்துபோகட்டுமே என்று கேட்கலாம். சிலருக்கு வீட்டைவிட மனையே வேண்டியதாயிருக்கும். வீட்டை இடித்து வேறு கட்ட எண்ணியவனுக்குத் தீ ஒரு கூலியில்லாத வேலைக்காரன்! அவனைக் கட்டாயமாக விலக்கினால், நிலத்தின் விலை ஏறிய காலத்தில் விற்பவனே ஆதாயம் கொள்வான்.

இவ்வளவுக்கும் தாயகமான ஆங்கில நாடு என்ன செய்தது? 1925-ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டத்தின் 47-ஆம் பிரிவில், விற்பவனுக்கு வரும் இன்ஷூரன்ஸ் பணம் வாங்குபவனைச் சேரவேண்டும் என்று எழுதி, பிரெஸ்டன் வழக்கின் அநீதியைத் துடைக்க முயன்றது. ஆனால் கம்பெனியின் இசைவு வேண்டும், பிரீமியத்தில் உரிய பங்கை வாங்குபவன் தரவேண்டும் என்ற நிபந்தனைகளையும் சேர்த்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடான் என்ற கதைதான். 1990-இல் வக்கீல்களின் பொது விற்பனை நிபந்தனைகள், அபாயம் கிரயம் முடியும் வரை விற்பவனுடையது என்று மாறின. வீடு பயன்படாத நிலைக்கு வந்தால் வாங்குபவன் விலகிக்கொள்ளலாம் என்றன. வாங்குபவருக்குக் கடன் கொடுக்கும் பாங்குகளோ உடன்படிக்கை நாளிலிருந்தே இன்ஷூரன்ஸ் எடுக்கும்படி வற்புறுத்தி வந்தன. 2011-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் பழைய விதி மீண்டும் நுழைந்தது: உடன்படிக்கை நாளிலிருந்தே அபாயம் வாங்குபவனைச் சேரும். சட்டத்தில் ஏற்றாமல் நிபந்தனைத் தாளில் மாத்திரம் எழுதிய சீர்திருத்தத்துக்கு இருபத்தொரு ஆண்டே ஆயுள்.

சில சமயங்களில் பொதுச் சட்டமே வாங்குபவனைக் காப்பாற்றுவதும் உண்டு. 1972 ஜூனில் ஹாங்காங்கில் பெருமழையால் மலைச்சரிவு நேர்ந்து, கட்டப்பட்டுக்கொண்டிருந்த குடியிருப்புகளின் வேலை பல ஆண்டு நின்றுபோயிற்று. அவற்றில் வீடு வாங்க ஒப்பியவர்களின் உடன்படிக்கைகள் தாமே அழிந்துவிட்டன என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1979-இல் முடிவு செய்தது. மலை சரிந்தாலன்றித் திறவாத கதவு அது. மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 57-ஆம் பிரிவிலும் அத்தகைய கதவு ஒன்று இருக்கின்றது. அதே ஆண்டுத் தனிநிவாரணச் சட்டம் அக்கதவின் குறுக்கே கால் நீட்டிக்கொண்டு நிற்கின்றது.

ஆதலின் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பழைய வீடு ஒன்றை வாங்குபவர், வக்கீல் நீட்டும் உடன்படிக்கையின் நிபந்தனைகளையே நம்பியிருக்க வேண்டியவராகிறார். பெரும்பாலும் நம்மவர் விலை எழுதிய பக்கத்தையும் கையொப்பப் பக்கத்தையும் மாத்திரமே பார்க்கிறார்கள். அபாயம் யாருடையது என்று சொல்லும் வரி இடையிலே எங்கோ, அறியாத மொழியில், சிற்றெழுத்தில் இருக்கும், அல்லது இராது. கையொப்பமிடுமுன் வக்கீலிடம், "சாவி என் கைக்கு வருமுன் வீடு அழிந்தால் என்ன செய்வது என்று எங்கே எழுதியிருக்கின்றது?" என்று கேட்க எவருக்கும் வெட்கம் வேண்டா. எழுதவில்லையெனில், சேர்க்கச் சொல்லவேண்டிய வாசகம் நீளமானதன்று:

"உடைமை கைமாறுவதற்கு முன், வாங்குபவர் குற்றமின்றி, வீடு குடியிருக்கத் தகாதவாறு அழிந்தாலோ சேதமுற்றாலோ, வாங்குபவர் எழுத்தில் அறிவித்து இவ்வுடன்படிக்கையை நீக்கிக்கொண்டு, செலுத்திய பணம் முழுவதையும் திரும்பப் பெறலாம்."

1974-இல் குவீன்ஸ்லாந்து சட்டமன்றம் எழுதியதும் ஏறக்குறைய இவ்வளவே.